கருவாட்டு வாடையை எந்த ஃபில்டர் பிடிக்கும்?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் வீட்டுக்கான காற்றுச் சுத்திகரிப்பான்களைப் பற்றி எழுதியிருந்தோம். அதற்கு ராமநாதபுரம் கடற்கரையிலிருந்துதான் அதிகக் கடிதங்கள். தூசியைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. பெரும்பாலானவர்கள் கேட்டது வாடையைப் பற்றி, அதாவது வாயுக்களைப் பற்றி. அது தனி விஷயம் என்பதால் இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னாடியே கருவாடு காயப்போடும் களம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஜன்னலைத் திறக்க முடியாது. மாமியாருக்கு இளைப்பு வேறு. கடன் வாங்கி ஒரு ஏர் பியூரிஃபையர் வாங்கினோம். எந்தத் துகளையும் விடாது என்று சொல்லித்தான் விற்றார்கள். இரண்டு மாதமாக ஓடுகிறது, வாடை அப்படியே இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா சார்?
– வாசகி, தங்கச்சிமடம்

துகள் விஷயத்தில் அவர்கள் சொன்னது பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும், சகோதரி. ஆனால் உங்கள் பிரச்சினை துகள் இல்லை. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விற்றதுதான் தப்பு.

அந்தப் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளை மடிப்புத்தாள் ஹெப்பா ஃபில்டர். 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுத் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிப்பதுதான் அதன் தரக்கணக்கு. தூசி, புகைத்துகள், மகரந்தம் எல்லாம் அதில் நின்றுவிடும். மாமியாரின் இளைப்புக்கு அந்த வகையில் கொஞ்சம் உதவியும் இருக்கும், அதனால் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வாடை என்பது வாயு. ஒரு அம்மோனியா மூலக்கூறு அந்த 0.3 மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் வரும். வலையில் மீன் நிற்கும், தண்ணீர் நிற்காது. வலைக்கண்ணை எவ்வளவு சின்னதாகப் பின்னினாலும் இதே கதைதான். வாயுவை வடிகட்டிப் பிடிக்க முடியாது, ஒட்டவைத்தோ ரசாயன வினையால் வேறு பொருளாக மாற்றியோதான் பிடிக்க முடியும்.

கருவாட்டுக் களத்திலிருந்து என்ன வாயு வருகிறது? கடல்மீன் உடம்பில் ட்ரைமெத்தில் அமைன் ஆக்சைடு என்று ஒரு பொருள் இருக்கிறது, அதற்கு வாடையே கிடையாது. மீன் செத்ததும் பாக்டீரியா அதைச் சிதைத்து ட்ரைமெத்தில் அமைனாக்கும், நாம் மீன் கவிச்சி என்கிறோமே அது பெரும்பாலும் இதுதான். கூடவே அம்மோனியா வரும். இந்த இரண்டும் காரத்தன்மை உள்ளவை. நன்றாக அழுகிப்போனால் ஹைட்ரஜன் சல்ஃபைடும் வேறு கந்தக வாயுக்களும் சேர்ந்துகொள்ளும், இவை வேறு சாதி. ஒன்றைப் பிடிக்கிற சரக்கு இன்னொன்றைப் பிடிக்காது.

மீனை அறுத்து முடித்ததும் கல்லுப்பும் புளியும் போட்டு அலசுவீர்கள் இல்லையா, கையில் எலுமிச்சைத் தோலைத் தேய்ப்பீர்கள் இல்லையா, வேதியியல் அங்கேயே இருக்கிறது. புளியிலும் எலுமிச்சையிலும் உள்ள அமிலம் அந்த அமைனோடு சேர்ந்து உப்பாகிவிடுகிறது. உப்பாகிவிட்டால் அது காற்றில் கிளம்பாது, மூக்குக்கும் வராது. வாயுவைப் பிடிக்க ரசாயன நார் ஃபில்டர் என்று ஒரு வகை இருக்கிறது, அது செய்வதும் இதே வேலைதான். நாரின் மேல் அமிலத்தை ஏற்றி வைத்திருப்பார்கள். காற்று நாருக்கு இடையே நுழைந்து போகும்போது அம்மோனியாவும் அமைனும் நாரில் மாட்டி உப்பாகி அங்கேயே தங்கிவிடும்.

உங்கள் பெட்டியில் ஹெப்பாவுக்கு முன்னால் கறுப்பாக ஒரு மெல்லிய பஞ்சு இருந்தால் அது கரி பூசியது. அதைக் கழற்றிச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். மொத்தமே கொஞ்சம் கிராம்தான் தேறும் என்றால், களத்துப் பக்கத்து வீட்டுக்கு அது எந்த மூலைக்கும் காணாது. தவிர, வெறும் கரி அம்மோனியாவைச் சரியாகப் பிடித்து வைக்காது.

செலவில்லாமல் ஒன்று செய்து பார்க்கலாம். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் சிட்ரிக் அமிலம் தருவார்கள். 100 கிராமை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, பழைய பருத்தித் துண்டையோ கெட்டியில்லாத வேட்டித் துணியையோ நனைத்துப் பிழிந்து நிழலில் உலர்த்துங்கள். களத்தைப் பார்த்த ஜன்னலில் இரண்டு மடிப்பாகத் தொங்கவிட்டு, உள்ளே வருகிற காற்று துணியைத் தாண்டித்தான் வரவேண்டும் என்கிற மாதிரி ஓரங்களை அடையுங்கள். ஓரத்தில் இரண்டு விரல் இடைவெளி இருந்தாலும் காற்று அதன் வழியாகத்தான் ஓடும். நம் கடற்கரை ஈரத்தில் துணி லேசாகப் பிசுபிசுக்கும், அது நல்லதுதான், கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் அமிலம் வேலை செய்யும். வாடை மறுபடி உள்ளே வர ஆரம்பித்தால் துணியில் அமிலம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். வெறும் தண்ணீரில் அலசினால் சேர்ந்த உப்பு கரைந்து போய்விடும், திரும்ப நனைத்துக்கொள்ளலாம். கவிச்சி குறையும். அழுகின முட்டை வாடை குறையாது, அது கந்தகம், அமிலத்துக்கு அடங்காது.

ஒரு எச்சரிக்கை. களத்தில் பிளீச்சிங் பவுடர் தூவுவார்கள். அமிலம் நனைத்த துணியையோ கரைசலையோ அதன் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், இளைப்புக்காரருக்கு அது ஆபத்து.

நாங்கள் சீமைக்கருவேலம் வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறவர்கள். ஃபில்டரில் போடுவதும் கரிதான் என்கிறார்களே, எங்கள் கரியை இடித்துத் துணிப்பையில் கட்டி வைத்தால் போதாதா? எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும்?
– வாசகர், மண்டபம் அருகிலிருந்து

நியாயமான கேள்வி அண்ணே. ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஜான் ஸ்டென்ஹவுஸ் 1854-லேயே சாதாரணக் கரித்தூளை அடைத்து முகமூடி செய்திருக்கிறார், அதனால் கரிக்கு அந்தக் குணம் உண்டு. ஆனால் மூட்டத்துக் கரிக்கும் ஃபில்டர் கரிக்கும் நடுவில் இன்னொரு சூளை இருக்கிறது. கரியை மறுபடி 800 முதல் 1000 டிகிரி வரை சூடாக்கி நீராவி செலுத்துவார்கள். நீராவி கரியை உள்ளுக்குள் அரித்து நுண்ணிய துளைகளை உண்டாக்கும். அப்படிச் செய்த ஒரே ஒரு கிராம் கரிக்குள் இருக்கும் துளைச்சுவர்களின் பரப்பு ஆயிரம் சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய கால் ஏக்கர். மூட்டத்துக் கரியில் இதில் ஒரு சிறு பங்குதான் இருக்கும். தேங்காய்ச் சிரட்டைக் கரிக்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் அதில் உண்டாகும் துளைகள் மிகவும் நுண்ணியவை, வாயுவுக்குத் தோதானவை.

அந்தக் கரியும்கூட பெயின்ட் வாசனை, பெட்ரோல் ஆவி போன்ற கனமான மூலக்கூறுகளைத்தான் நன்றாக இழுக்கும். அம்மோனியாவுக்கு வேண்டும் என்றால் பாஸ்பாரிக் அமிலம் ஏற்றுவார்கள், ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு என்றால் காரத்தை ஏற்றுவார்கள். எனவே உங்கள் கரிப்பை அலமாரிக்குள் ஈர வாடைக்குக் கொஞ்சம் பயன்படும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மூட்டத்திலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடை எந்தக் கரியும் பிடிக்காது, கரி ஏற்றிய முகமூடியும் பிடிக்காது. அதற்கு வாடையும் இல்லை. மழைக்காலத்தில் அடுப்புக்கரியை வீட்டுக்குள் மூட்டி, கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிற பழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

நான் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அம்மோனியா கசிந்தால் போட்டுக்கொள்ள என்று முதலாளி ஒரு பெட்டி என்95 மாஸ்க் வாங்கி வைத்திருக்கிறார். இது போதுமா?
– வாசகர், ராமேஸ்வரம்

போதாது தம்பி. போதாது என்பதைவிட, அதை நம்பி ஒருவர் உள்ளே போய்விடுவார் என்பதுதான் என் பயம். என்95 துகளுக்கு. அம்மோனியா அதன் வழியாக நேராக உள்ளே வரும்.

அம்மோனியாவுக்கு என்று தனி ஃபில்டர் டப்பா உண்டு. ஐரோப்பியத் தரத்தில் அதற்கு கே என்ற எழுத்தும் பச்சைப் பட்டையும் போட்டிருப்பார்கள். பழுப்புப் பட்டை பெயின்ட், கரைப்பான் ஆவிகளுக்கு. சாம்பல் நிறம் குளோரின், ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்றவற்றுக்கு. மஞ்சள் சல்ஃபர் டை ஆக்சைடுக்கு. வெள்ளை வெறும் துகளுக்கு. பச்சைப் பட்டை இல்லாத டப்பா ஐஸ் கம்பெனிக்கு உதவாது. அம்மோனியா கண்ணைத்தான் முதலில் தாக்கும் என்பதால் முழு முகத்தையும் மூடும் மாஸ்க் வேண்டும். டப்பாவில் காலாவதித் தேதி இருக்கும், முத்திரையைப் பிரித்துவிட்டால் ஆயுள் இன்னும் குறையும்.

எட்டு மணி நேர வேலைக்கு அனுமதிக்கப்படும் அளவு 25 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 25 பங்கு. 300 பி.பி.எம். ஆகிவிட்டால் உயிருக்கு உடனடி ஆபத்து என்று கணக்கு. குழாய் வெடித்தோ வால்வு பிய்த்துக்கொண்டோ வரும் கசிவில் அந்த அளவைக் கண்மூடித் திறப்பதற்குள் தாண்டிவிடும். அங்கே பச்சை டப்பா போட்டவரும் போகக்கூடாது, முதுகில் காற்று சிலிண்டர் மாட்டிய தீயணைப்பு வீரர்தான் போக வேண்டும். ஃபில்டர் காற்றைச் சுத்தம் செய்யுமே தவிர ஆக்சிஜனைத் தராது. உங்கள் வேலை ஓடுவது. காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்று பார்த்து, வாயுமூட்டத்துக்குக் குறுக்கே விலகி, காற்று வருகிற பக்கமாகப் போய்விடுங்கள். அம்மோனியா காற்றைவிட லேசானது, மேலே போய்விடும் என்று பாடப்புத்தகம் சொல்லும். நம் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம், ஈரத்தோடு கலந்து வெள்ளை மூட்டமாகத் தரையோடு தரையாகத்தான் வரும். கையில் எதுவும் இல்லாவிட்டால் துண்டைத் தண்ணீரில் நனைத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு ஓடுங்கள். அம்மோனியா தண்ணீரில் அமோகமாகக் கரையும், வெளியே வருகிற அந்தச் சில விநாடிகளுக்கு அது ஒரு துணை.

விசைப்படகுக்காரர்களுக்கும் இதையே சொல்கிறேன். மீன் கிடந்து அழுகிய கிடங்குக்குள் மாஸ்க் போட்டுக்கொண்டு இறங்குவது தற்கொலைக்குச் சமம். உள்ளே ஆக்சிஜன் இருக்காது, ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும், அது 100 பி.பி.எம். அளவை எட்டும்போது மூக்கே மரத்துப்போய்விடுவதால் வாடை நின்றுவிட்டது என்று தோன்றும். மூடியைத் திறந்துவிட்டு, காற்றை ஊதி வெளியேற்றி, நேரம் கொடுத்து, மேலே ஒருவரை நிறுத்திவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

நான் வேதியியல் படிக்கிறேன். கரி குருணையாக இருந்தாலே போதுமே, எதற்கு நாராகச் செய்கிறார்கள்? இது எப்போது வந்தது?
– மாணவி, ராமநாதபுரம்

போர்க்களத்துக்கு நார்தான் முதலில் வந்தது, அதைச் சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கு அருகே ஜெர்மன் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. அவசரத்தில் பிரிட்டிஷ் படைக்குக் கொடுத்தது பஞ்சும் துணியும்தான், ஹைப்போ எனும் சோடியம் தயோசல்ஃபேட், சலவைச்சோடா, கிளிசரின் மூன்றும் கலந்த கரைசலில் நனைத்தது. பழைய போட்டோ ஸ்டூடியோக்களில் படம் கழுவ வைத்திருப்பார்களே, அதே ஹைப்போ. அது குளோரினோடு வினைபுரிந்து அதைச் செயலிழக்க வைக்கும், கிளிசரின் துணி காய்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ளும். அப்புறம் ஃபிளானல் துணியைத் தலை முழுவதும் மூடும் பையாகத் தைத்து, அதே கரைசலில் நனைத்துக் கொடுத்தார்கள். கரி டப்பாக்கள் அதன் பிறகு பரவியவை. ரஷ்யாவின் நிகோலாய் ஜெலின்ஸ்கி கரி முகமூடி செய்ததும் அதே 1915-ல்தான்.

இப்போதைய நார் நிறையவே மாறிவிட்டது. துணியில் ரசாயனத்தை நனைத்தால் உதிரும், வழியும். அதனால் ரசாயனத்தை நாரின் மூலக்கூறோடே பிணைத்துவிடுகிறார்கள். பாலிபுரோப்பிலீன் போன்ற சாதாரண நாரை எலக்ட்ரான் கற்றையிலோ காமா கதிரிலோ காட்டினால் அதன் சங்கிலியில் வினைபுரியத் தயாரான இடங்கள் உண்டாகும், அங்கே வேறொரு சேர்மத்தை ஒட்டவைத்து வளர்த்து, கடைசியில் சல்ஃபோனிக் அமிலத் தொகுதியைச் சேர்ப்பார்கள். இது அம்மோனியாவைப் பிடிக்கும் நார். அமைன் தொகுதியைச் சேர்த்தால் சல்ஃபர் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் குளோரைடு போன்ற அமில வாயுக்களைப் பிடிக்கும். முதன்மை அமைன் என்றால் ஃபார்மால்டிஹைடையும் பிடிக்கும், உங்கள் பாடத்தில் ஷிஃப் காரம் என்று வரும் வினைதான் அது. தண்ணீர் சுத்திகரிப்பில் பார்க்கும் அயனிப் பரிமாற்ற ரெசின் தெரியுமில்லையா, அதே வேதியியல், உருவம் மட்டும் நார்.

உருவம்தான் உங்கள் கேள்விக்குப் பதில். குருணை அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். நார் 10, 20 மைக்ரான்தான். வாயு மூலக்கூறு உள்ளே ஊடுருவிப் போகவேண்டிய தூரம் அவ்வளவுக்குக் குறைகிறது, எனவே காற்று வேகமாகப் போனாலும் வினை முடிந்துவிடும். காற்றைத் தள்ள மின்விசிறி அதிகம் திணற வேண்டியதில்லை. கொட்டாது, தூள் பறக்காது, துணி மாதிரி வெட்டி மடிக்கலாம். குறை என்னவென்றால் விலை, அப்புறம் ஒரு பெட்டிக்குள் அடைக்கக்கூடிய எடை குருணையைவிடக் குறைவு.

இந்த நாருக்குப் பெரிய வாடிக்கையாளர்கள் சிப் தயாரிக்கும் ஆலைகள். அங்கே ஒளி பட்டதும் அமிலம் உண்டாகும் ஒரு பூச்சை வைத்துத்தான் சில்லில் கோடு வரைகிறார்கள். காற்றில் நூறு கோடியில் சில பங்கு அம்மோனியா இருந்தாலே அந்த அமிலத்தைக் கெடுத்துவிடும், கோடு பிசகிவிடும். காற்றில் உள்ள மாசுதான் காரணம் என்று ஐ.பி.எம். ஆய்வாளர்கள் 1991-ல் எழுதினார்கள். மனித மூக்குக்கு எட்டாத அளவு அது.

கீழக்கரையில் ஜெராக்ஸ், கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறோம். போர்டு அடிக்கடி போய்விடுகிறது, ஏசியில் காயில் ஓட்டை விழுகிறது. வாப்பா கடல்காற்று என்கிறார், மெக்கானிக் சாக்கடை வாயு என்கிறார். கெமிக்கல் ஃபில்டர் வைக்கலாமா?
– வாசகர், கீழக்கரை

இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம், ஆனால் வாப்பா சொல்வதை முதலில் கவனியுங்கள். கடல்காற்றில் வருவது உப்புத்துகள், வாயு இல்லை. அதற்கு ரசாயன நார் தேவையில்லை, நல்ல துகள் ஃபில்டரே போதும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். கடை பூட்டியிருக்கிற இரவில்தான் இது நடக்கிறது, போர்டின் மேல் படிந்த உப்பு ஈரமாகி மின்சாரத்தைக் கடத்த ஆரம்பிக்கும். எனவே இரவில் மெஷின்களுக்கு உறை போடுங்கள், ஈரத்தை 60 சதவீதத்துக்குக் கீழே வையுங்கள். ஃபில்டரைவிட இதற்குப் பலன் அதிகம்.

மெக்கானிக் சொல்வதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. நன்றாகத் துலக்கிய வெள்ளிக் கொலுசு ஒன்றையும் செம்புத் துண்டு ஒன்றையும் சர்வர் பக்கத்தில் ஒரு மாதம் தொங்கவிடுங்கள். வெள்ளி சீக்கிரமே கறுத்தால் கந்தக வாயு இருக்கிறது. தொழில்முறையில் செய்வதும் ஏறக்குறைய இதுதான்: செம்புத் தகடு, வெள்ளித் தகடு இரண்டையும் 30 நாள் வைத்து, செம்பில் 300 ஆங்ஸ்ட்ராமுக்குக் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்கு) குறைவாகப் படிவு ஏறியிருந்தால் கருவிகளுக்குப் பயமில்லை என்று வகைப்படுத்துவார்கள். 2006-ல் ஐரோப்பா மின்னணுப் பொருளில் ஈயத்தைக் கட்டுப்படுத்திய பிறகு வெள்ளிப் பூச்சுள்ள போர்டுகள் பரவின, அவை கந்தகத்துக்குச் சீக்கிரம் பலியாகும். கறுத்தால் காரம் ஏற்றிய கரியோ பெர்மாங்கனேட் ஏற்றிய குருணையோ வைக்கலாம். பெர்மாங்கனேட் ஊதா நிறத்திலிருந்து பழுப்புக்கு மாறும், மாற்றவேண்டிய நேரம் கண்ணுக்கே தெரியும். ஆனால் முதலில் கடைக்குள் இருக்கும் சாக்கடைக் குழாயில் தண்ணீர்ப் பூட்டு (வாயு மேலே வராமல் தடுக்க குழாய் வளைவில் தேங்கி நிற்கும் தண்ணீர்) காய்ந்துகிடக்கிறதா என்று பாருங்கள், ஒரு வாளித் தண்ணீரில் தீருகிற விஷயமாகவும் இருக்கலாம்.

ஓசோன் மெஷின் வாங்கி வைத்தால் மீன் வாடை போய்விடுமாமே?
– வாசகர், தேவிபட்டினம்

வேண்டாம். ஓசோன் நுரையீரலைப் புண்ணாக்கும். மூக்கின் உணர்வை மழுங்கடிப்பதால் வாடை போனது போலத் தெரியும்.

கருவாட்டு குடோனுக்குக் கெமிக்கல் ஃபைபர் ஃபில்டர் போடச் சொல்கிறார் ஒரு விற்பனைப் பிரதிநிதி. ஒரு கிலோ நார், ஐந்து வருடத்துக்கு மாற்றவே வேண்டாம் என்கிறார். அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்திருப்பதால் ஏதாவது செய்தே ஆக வேண்டும். நம்பலாமா?
– வாசகர், தொண்டி

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்த வகை நார் ஒரு கிராமுக்குச் சுமார் 3 மில்லிமோல் அம்மோனியா பிடிக்கும் என்று வையுங்கள், அதாவது 51 மில்லிகிராம். ஒரு கிலோ நாருக்கு 51 கிராம். உங்கள் குடோன் 14 அடிக்கு 10 அடி, உயரம் 10 அடி என்றால் ஏறக்குறைய 40 கன மீட்டர். உள்ளே 10 பி.பி.எம். அம்மோனியா இருந்தால் ஒரு கன மீட்டருக்கு 7 மில்லிகிராம், குடோன் முழுவதற்கும் 280. மணிக்கு ஒரு முறை அந்தக் காற்று ஃபில்டர் வழியாக வெளியே போகிறது, உள்ளே கருவாடு புதிதாக அதே அளவு விட்டுக்கொண்டே இருக்கிறது என்றால் ஒரு நாளைக்கு 6.7 கிராம். ஒரு கிலோ நார் எட்டாம் நாள் தாண்டாது. அமைனும் சேர்ந்தால் இன்னும் முன்னாலேயே தீரும். ஐந்து வருடம் என்பது பச்சைப் பொய்.

இதே கணக்கை அரை பி.பி.எம். என்று போட்டால் ஐந்து மாதம் ஓடும். எனவே உள்ளே வாயு உண்டாவதைக் குறைப்பதுதான் முதல் வேலை. மீனைக் குடல் நீக்கி, உப்பை அளந்து போட்டு, அரைகுறையாக இல்லாமல் நன்றாகக் காயவைத்த பிறகு குடோனுக்குள் கொண்டுவாருங்கள். சங்காயத்தையும் (விலைபோகாத பொடிமீன்) கழிவையும் அதே கூரைக்குக் கீழே ஓர் இரவுகூட வைக்காதீர்கள். தரையில் தேங்கும் உப்புநீரைத் தினமும் கழுவிவிடுங்கள். மிச்சம் வருவதற்கு நார் வையுங்கள், அதற்கு முன்னால் ஒரு சாதாரணத் தூசி ஃபில்டரும் வையுங்கள், இல்லாவிட்டால் உப்பும் செதிலும் படிந்து நார் மூடிக்கொள்ளும்.

வருகிறவரிடம் இதைக் கேளுங்கள்: நாரின் எடை எவ்வளவு, ஒரு கிராமுக்கு எத்தனை மில்லிமோல் பிடிக்கும், எந்த வாயுவுக்கு. தீர்ந்த நாரை நீர்த்த அமிலத்தில் கழுவிப் புதுப்பிக்க முடியுமா என்பதையும் கேளுங்கள், சல்ஃபோனிக் அமில நாரில் அது முடியும், அந்த வேலையை யார் செய்து தருவார்கள் என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வெயிலில் காயப்போட்டால் சரியாகிவிடும் என்று சொன்னால் அவருக்கு விஷயம் தெரியவில்லை, உப்பாகிப் பிணைந்த அம்மோனியா வெயிலுக்கு விடாது. எண்களைக் கொடுத்தார் என்றால் குடோன் அளவோடு சேர்த்து எனக்கு எழுதுங்கள், எத்தனை நாள் வரும் என்று அடுத்த இதழில் போட்டுத் தருகிறேன்.